நார்மல் என்று சொன்ன கட்டுரை

லிங்கராஜபுரம், பெங்களூரு
6 ஜனவரி 2025

அன்புள்ள சீதாலட்சுமி மேடம் அவர்களுக்கு,

டென்சில் எழுதுவது. கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தால், உறைக்குள் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய பாரத்தை மட்டும் முதலில் தனியே எடுத்து வைத்துவிடவும். அதற்கு ஜெராக்ஸ் செல்லாதாம்.

வாட்ஸப்பில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். மெயில் போட்டால் லாட்டரி விழுந்த சேதிகளோடு எங்கேயோ போய் ஒதுங்குகிறது. போஸ்ட்மேனை பிளாக் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு வளாகத்தில் நடந்த பெரிய விபத்து, என்னை ஆராய்ச்சிப் பிரிவுக்குப் பொறுப்பாளன் ஆக்கியது. புள்ளியியல் வாத்தியாருக்கு எண்ணத் தெரியும் என்று யாரோ டீன் சுந்தரத்திடம் கோள் சொல்லியிருக்கிறார்கள். மார்ச் பத்தாம் தேதி மதிப்பீட்டுக் குழு வருகிறது. ஐந்து வருஷமாக நம் பல்கலைக்கழகம் என்னதான் ஆராய்ந்தது என்று எல்லா டிபார்ட்மெண்டிலும் போய்ப் பொறுக்கி அடுக்க வேண்டும். மேடம், நாம் எப்பேர்ப்பட்ட இடத்தில் வேலை பார்த்தோம் என்று இப்போதுதான் தெரிகிறது. சம்ஸ்கிருதத்தில் ஒருவர் யானைக்கு வரும் அஜீரணத்தைப் பற்றி மூன்று பேப்பர் போட்டிருக்கிறார். வணிகவியலில் தோசைக்கடை வரிசையை அளந்திருக்கிறார்கள். இயற்பியல்காரர்களின் ஒரு கட்டுரையில் விஷயத்தைவிட ஆசிரியர் பெயர்கள் அதிகம், கல்யாணப் பத்திரிகையில் தங்கள் நல்வரவை விரும்பும் கூட்டம் மாதிரி. வேதியியலில் உங்கள் பழைய பக்கத்து அறைக்காரர் ஒரே பலாப்பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்து ஏழு ஜர்னலுக்குப் பந்தி வைத்திருக்கிறார். வரலாற்றில் ஒரு மனுஷன் பதினோரு வருஷம் உட்கார்ந்து ஒரே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் நடுவில், மற்றவர்கள் மிக அதிகமாக மேற்கோள் காட்டிய கட்டுரை எது தெரியுமா? நம்முடையது. ஸ்ரீராம்புரம் துப்புரவுத் தொழிலாளர்களின் நுரையீரல். அவர்களில் பெரும்பாலோருக்கு மூச்சு நார்மல் என்று நீங்களும் நானும் (பேருக்கு டீனும்) எழுதியது. முதல் பத்துக் கட்டுரைகளுக்கு எல்லா ஆசிரியர்களும் நீல மையில் கையெழுத்துப் போட வேண்டும். டீன் போட்டாயிற்று. அவர் பெயர் இல்லாத பேப்பர் நம் வளாகத்தில் உப்பில்லாத சாம்பார் அல்லவா.

என் பெயர் முதலில் வந்ததில் உங்களுக்குக் கோபம். கணக்குக்காரர்கள் சாதியில் அகரவரிசைதான் வழக்கம் என்று நூறு முறை சொல்லிவிட்டேன். எங்க அம்மா எனக்கு ஞானஸ்நானத்தில் சேவியர் என்று வைத்திருந்தால், ஆங்கில வரிசையில் கடைசியில் போய் நின்றிருப்பேன், நமக்குள் இந்தச் சண்டையே வந்திருக்காது. கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

டென்சில்

•

ராபர்ட்சன்பேட்டை, தங்கவயல்
15 ஜனவரி 2025

திரு. டென்சில் அவர்களுக்கு,

பாரம் இத்துடன் திரும்ப வருகிறது. கையெழுத்துப் போடவில்லை.

போனில் பேசினால் நீங்கள் சிரித்து வேறு பேச்சுக்குத் தாவிவிடுவீர்கள். அதனால் நானும் தபாலிலேயே எழுதுகிறேன்.

உங்கள் சாதியில் அகரவரிசை. எங்கள் உடலியலில் முதல் பெயர் உழைத்தவருடையது, கடைசிப் பெயர் பெரியவருடையது. நடுவில் இருப்பவர் டெஸ்ட்டியூப் கடன் கொடுத்தவர். இரண்டு வருஷம் விடியற்காலையில் மூச்சளக்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டு, தொழிலாளர்களுக்கு ஆஜர் எடுக்கும் மஸ்டரிங் இடத்துக்கெல்லாம் போனவள் நடுவில் இருக்கிறேன். பதவி உயர்வு நேர்காணலில் "இதில் உங்கள் பங்கு என்னம்மா?" என்று கேட்டார்கள். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

வேறு விஷயம். நீங்கள் கட்டாயம் பதில் சொல்ல வேண்டியது.

நான் இப்போது இருக்கும் ஆஸ்பத்திரியிலும் அதே வகை மிஷின்தான். போன வாரம் அதன் அமைப்பைச் சரிபார்த்தேன். ஒருவர் ஊதும் மூச்சை, அவர் வயசுக்கும் உயரத்துக்கும் இவ்வளவு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிடுகிறோம். எண்பது சதவீதத்துக்குக் கீழே போனால் குறைவு. இந்தியர்களுக்கு நெஞ்சு சிறிது என்று சொல்லி, எதிர்பார்க்கும் அளவில் பத்தில் ஒரு பங்கைக் கழிப்பது பழைய பழக்கம். அதுவே சரிதானா என்று இப்போது சண்டை நடக்கிறது. அது இருக்கட்டும். ஸ்ரீராம்புரத்தில் நான் மிஷினை 'இந்தியர்' என்றுதான் வைத்திருந்தேன். ஆக, உங்களுக்கு நான் அனுப்பிய எண்களில் அந்தக் கழிவு ஏற்கெனவே போயாயிற்று.

உங்கள் புரோகிராமில் மறுபடியும் கழித்தீர்களா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. முனிராஜ் எனக்கு போன் செய்தார். நாம் பரிசோதித்தவர்களில் ஒருவர், ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறார். குப்பை வண்டியைத் தள்ள முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. துடைப்பத்தை விட்டு கேட்டில் காவல் வேலை கொடுங்கள் என்று கான்ட்ராக்ட் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்கள் நம் கட்டுரையைக் காட்டி, பல்கலைக்கழகமே நார்மல் என்று சொல்லிவிட்டது, இவர் நடிக்கிறார் என்று மறுத்துவிட்டார்கள். மார்ச் மூன்றாம் தேதி லேபர் ஆபீசில் விசாரணை. தோற்றால் அதே தூசியில் நிற்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும்.

சீதாலட்சுமி

•

லிங்கராஜபுரம்
21 ஜனவரி 2025

மேடம்,

உங்கள் கடிதம் வந்ததும் வீட்டில் எல்லாரிடமும், "சீதா மேடத்துக்கு இன்னும் கோபம் ஆறலை, இப்ப கணக்குலயே தப்பு கண்டுபிடிக்கிறாங்க" என்று சொல்லிச் சிரித்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

கழித்திருக்கிறேன். என் புரோகிராமின் நான்காவது வரியிலேயே இருக்கிறது.

ஆடித் தள்ளுபடிக்கு மேல் ஒரு தள்ளுபடி. நீங்கள் ஒரு முறை குறைத்ததை நான் இன்னொரு முறை குறைத்தேன். இவ்வளவு மூச்சு போதும் என்று நாம் இரண்டு பேருமாக மட்டத்தை இறக்கிவிட்டோம், அதை எல்லாரும் தாண்டிவிட்டார்கள். சரியாகக் கணக்கிட்டால், கட்டுரையில் எழுதியபடி பத்தில் ஒருவருக்கு இல்லை, மூன்றில் ஒருவருக்கு மூச்சு குறைவு. உங்கள் முனிராஜைத் தேடிப் பார்த்தேன். எண்பத்தொன்று என்று பாஸ் போட்டிருந்தேன். எழுபத்துமூன்றுதான்.

நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கத்தான் வாய் வருகிறது. நான் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் பதில் இருக்கிறது. அடுத்த டிபார்ட்மெண்ட்காரரின் மிஷினைப் பற்றிக் கேட்பது, அடுத்த வீட்டுக்காரர் குழம்பில் கரண்டி விடுவது மாதிரி. நம் வளாகத்தில் யாரும் செய்ய மாட்டோம். அவ்வளவு மரியாதைக்காரர்கள் நாம்.

நேற்று டீனைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். பிஸ்கட் கொடுத்தார். "டென்சில், தப்பு யாருக்கும் வரும்பா. ஜர்னலுக்குத் திருத்தம் அனுப்பலாம், நான் வேணாம்னு சொல்லலை. கமிட்டி வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் நுரையீரல் எங்கயும் ஓடிடாது" என்றார்.

"சார், மூணாந்தேதி விசாரணை இருக்கே" என்றேன்.

"அது அவங்க கம்பெனி விவகாரம். யூனிவர்சிட்டிக்கு என்ன சம்பந்தம்?" என்றார். பிறகு, என் புரொபசர் பதவி உயர்வு ஃபைலும் ஏப்ரலில் அவர் மேஜைக்கு வருவதை ரொம்ப அன்பாக ஞாபகப்படுத்தினார்.

யோசித்துப் பார்த்தால் ஏழு நாள்தானே வித்தியாசம். விசாரணையை ஒரு வாய்தா தள்ளிப்போடச் சொல்ல முடியாதா? முனிராஜிடம் நீங்கள் பேசிப் பார்க்கிறீர்களா?

டென்சில்

•

ராபர்ட்சன்பேட்டை, தங்கவயல்
28 ஜனவரி 2025

திரு. டென்சில்,

முடியாது. ஏற்கெனவே இரண்டு வாய்தா போய்விட்டது. மூன்றாம் தேதி உத்தரவு போடப் போகிறார்கள்.

மிஷின் மூச்சின் அளவையும் எதிர்பார்க்கும் அளவையும் மட்டும்தான் கொடுத்தது. யார் நார்மல், யார் இல்லை என்பது உங்களிடமிருந்து வந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நான். "உங்க நெஞ்சு நல்லா இருக்கு, பயப்படாதீங்க." இந்த வாயால் சொன்னேன். சிலர் காபி கொடுத்தார்கள், குடித்தேன். என் அப்பா சுரங்கத்தில் இருந்தவர். மூச்சுக்கு ஏங்குகிறவர் எப்படி உட்காருவார், தோளை எப்படித் தூக்குவார் என்று பார்த்து வளர்ந்தவள் நான். முனிராஜ் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு உங்கள் எண்ணை நம்பினேன். எண் என்றால் அவ்வளவு மரியாதை.

நீங்கள் அவர்களில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. ஜர்னல் அப்புறம் இருக்கட்டும். முதலில் ஸ்ரீராம்புரம் போங்கள். முனிராஜிடம் நேரில் சொல்லுங்கள். பிறகு மூன்றாம் தேதி லேபர் ஆபீசில் போய் நில்லுங்கள். நான் வந்து சொன்னால், நடுவில் இருக்கும் அம்மா ஏதோ சொல்கிறாள் என்பார்கள். முதல் பெயருக்குத்தான் காது கொடுப்பார்கள்.

முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது.

சீதாலட்சுமி

•

லிங்கராஜபுரம்
10 பிப்ரவரி 2025

சீதா மேடம்,

போனேன். போன ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிட்டு, நேற்று போனேன். அன்று காலைக்குக் கோயில் பூசை என்று சாக்கு, சாயங்காலத்துக்கு மழை. பிப்ரவரியில் பெங்களூரில் மழை! நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அந்தச் சந்து உங்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்கூட்டரை வெளியே நிறுத்திவிட்டு வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நடந்தேன். முனிராஜ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நீங்கள் எழுதிய அதே தோள். அவர் மனைவி பாஞ்சாலி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"யூனிவர்சிட்டியிலேர்ந்தா? திரும்பவும் ஊதணுமா சார்?" என்றார் முனிராஜ்.

இல்லை, ஒரு விஷயம் சொல்ல வந்தேன் என்று ஆரம்பித்தேன். மேடம், எனக்குப் பேச வராமல் போனது என் கல்யாணத்தன்று ஃபாதர் சம்மதம் கேட்டபோது ஒரு தடவை, நேற்று ஒரு தடவை. எதிர்பார்க்கும் அளவு, சதவீதம், கழிவு என்று ஏதேதோ உளறினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பாஞ்சாலிதான் உள்ளேயிருந்து, "இன்னா சார் சொல்ற? ஸ்வல்ப நேரா சொல்லு" என்று குரல் கொடுத்தார்.

"நார்மல்னு சொன்னது தப்பும்மா. அவருக்கு அப்பவே மூச்சு கம்மி. நாங்க கணக்கைத் தப்பாப் போட்டுட்டோம்."

பாஞ்சாலி மடித்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றுவிட்டது. முனிராஜ் என்னையே பார்த்தார்.

"அப்ப எனக்கு நெஜமாவே உடம்பு சரியில்லையா சார்?"

"ஆமாம்."

"எழுதிக் குடுப்பியா?"

"கொடுக்கிறேன்."

மேடம், அந்த மனுஷன் சிரித்தார். பரிட்சை பாஸான பிள்ளை மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா பாஞ்சாலி! நான் சொல்லலை? மேஸ்திரி கிட்ட சொல்லணும், மொதல்ல அந்த மேஸ்திரி கிட்ட சொல்லணும்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. அது நிற்க ரொம்ப நேரமாயிற்று. வியாதி உறுதியானதற்கு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்படுவதை நான் பார்த்ததில்லை.

பாஞ்சாலி சிரிக்கவில்லை. வாசற்படிக்கு வந்து நின்றார். எனக்குச் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "மிஷினே நல்லாகீதுன்னு சொல்லிடுச்சு, உனக்கு இன்னா கேடுன்னு தெனம் எழுப்பி அனுப்புவேன். போர்வைய இழுத்துப் போடுவேன். ஒரு நாள் தண்ணி ஊத்தினேன். சோம்பேறின்னு எங்கம்மா வூட்ல பூரா சொல்லி வச்சிருக்கேன் சார்." முனிராஜ், "ஏய், சும்மாயிரு, விடு" என்றார். பாஞ்சாலி விடவில்லை. "படிச்சவங்க சொன்னீங்களேன்னுதான் நம்பினேன். கட்டினவன் சொன்னதை நம்பலை."

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

திரும்பும்போது ஒரு கணக்கு மனதில் ஓடியது. மூன்றில் ஒருவர். அத்தனை வீட்டிலும் இப்படி யாராவது யார் போர்வையையாவது இழுத்திருப்பார்களா?

மூன்றாம் தேதி போகிறேன்.

டென்சில்

•

ராபர்ட்சன்பேட்டை, தங்கவயல்
17 பிப்ரவரி 2025

அன்புள்ள டென்சில்,

மிஷினின் அமைப்பை எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அசல் பிரிண்ட் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. முனிராஜுடையதை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஜர்னலுக்கு எழுதும் கடிதத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே போடுவது என்று கேட்டு இன்னொரு தபால் வேண்டாம்.

சுந்தரம் சார் எனக்கு போன் செய்தார். நான் போனபோது வழியனுப்பக்கூட வராதவர், அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அப்பா போய் எட்டு வருஷம் ஆகிறது. உங்களுக்கு நெருக்கடி வரும். எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் படியுங்கள். வழியில் கதை சொல்லப் போய்விடாதீர்கள்.

பாஞ்சாலி சொன்னதை நான்கு முறை படித்தேன்.

சீதா

•

லிங்கராஜபுரம்
4 மார்ச் 2025

அன்புள்ள சீதா மேடம்,

நேற்று நடந்தது.

கம்பெனி வக்கீல் சின்னப் பையன், நல்ல டை கட்டியிருந்தான். நம் கட்டுரையை லாமினேட் செய்து வைத்திருந்தான் மேடம்! என் பிள்ளைகள்கூட என் பேப்பரை அப்படிப் பாதுகாத்ததில்லை. நான் எழுந்து, நீங்கள் சொன்னபடி பார்த்துப் படித்தேன். முடித்ததும் அவன் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தான். நம் பல்கலைக்கழக லெட்டர்ஹெட். "மேற்படி கட்டுரை எமது ஆராய்ச்சி வெளியீடாக இன்றும் செல்லுபடியாகும் நிலையில் உள்ளது" என்று டீன் கையெழுத்து. நீல மையில்.

"சார், பிரிண்டில் இருக்கிற டென்சில் ஒண்ணு சொல்றார். இங்க நிக்கிற டென்சில் இன்னொண்ணு சொல்றார். நாங்க எந்த டென்சிலை நம்பணும்?"

ஆபீசரே சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல கேள்வி, நானே கேட்டிருப்பேன். முனிராஜும் பாஞ்சாலியும் பின் பெஞ்சில் இருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. "யாரையும் நம்ப வேண்டாம் தம்பி. இதோ இருக்கார், இன்னொரு தடவை ஊதச் சொல்லுங்க. எங்களுக்குச் சம்பந்தமில்லாத டாக்டர், வேற மிஷின். கணக்கை நானும் போட மாட்டேன்" என்றேன்.

ஆபீசர் கொஞ்சம் யோசித்தார். கன்னடத்தில் குமாஸ்தாவிடம் ஏதோ சொல்லி எழுத வைத்தார். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனை, பதினைந்து நாளில் அறிக்கை, அதன்படி உத்தரவு. அதுவரை முனிராஜ் வண்டி தள்ள வேண்டாம்.

சாயங்காலமே என்னை ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதுப் பொறுப்பாளர் வணிகவியல் நாகேஷ், தோசைக்கடை வரிசையை அளந்தவர். ஏப்ரல் ஃபைலைப் பற்றி நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இன்னொரு சேதி. ஜர்னலுக்கு நம் கடிதம் போனது தெரிந்ததும், தனக்கும் அந்தக் கட்டுரைக்கும் தொடர்பில்லை, தரவுகளைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று டீன் தனியாக எழுதியிருக்கிறார். அவர் வாழ்க்கையில் எழுதியவற்றிலேயே முழுக்க உண்மையான வாக்கியம் அதுதான்.

டென்சில்

•

லிங்கராஜபுரம்
22 மார்ச் 2025

அன்புள்ள சீதா மேடம்,

முனிராஜ் ஊதினார். நானும் கூடப் போயிருந்தேன். அறைக்குள் விடவில்லை, வெளியே பெஞ்சில் பாஞ்சாலியோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து "இன்னும், இன்னும், நிறுத்தாதீங்க, இன்னும்" என்று டெக்னீஷியன் கத்துவது கேட்டது. பாஞ்சாலி தன்னை அறியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், நானும் அப்படித்தான்.

அறுபத்துநான்கு.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. கேட் வேலை. தூசி இல்லை, வண்டி இல்லை, ஒரு நாற்காலி உண்டு. முனிராஜ் போன் செய்து சொன்னார். குரலில் அவ்வளவு உற்சாகம். மேஸ்திரியிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாராம். வாழ்த்துச் சொல்லிவிட்டு வைக்கப் போனேன். பாஞ்சாலி போனை வாங்கினார்.

"சார், அன்னிக்கு எழுபத்திமூணுன்னு சொன்ன. இப்ப அறுவத்திநாலுன்றாங்க. கேட்ல குந்தி ரெஸ்ட்டுல இருந்தா அது திரும்ப ஏறுமில்ல?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஏறுமா மேடம்?

டென்சில்

•

ராபர்ட்சன்பேட்டை, தங்கவயல்
26 மார்ச் 2025

அன்புள்ள டென்சில்,

ஏறாது.

போனது போனதுதான். இனிமேல் தூசி படாமல் இருந்தால் இறங்குவது மெதுவாகும், அவ்வளவுதான். இதை நீங்கள் போனில் சொல்ல வேண்டாம். போன தடவை பாஞ்சாலியிடம் பொய்யைச் சொன்னவள் நான். இதையும் நானே போய்ச் சொல்ல வேண்டும்.

ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். அசல் பிரிண்ட் எல்லாம் எடுத்து வருகிறேன். மற்ற வீடுகளுக்கும் போக வேண்டும். ஒரு நாளில் முடியாது, பல ஞாயிறு ஆகும். உங்களிடம் எண்கள் மட்டும்தான் இருக்கின்றன. எனக்கு முகங்களும் வீடுகளும் தெரியும். இந்த முறை யாராவது காபி கொடுத்தால், விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குடிக்காதீர்கள்.

சீதா